வீடு பார்க்க வருகிறார்கள்

வக்கீலின் பின்னங்கால்கள் இரண்டும் கோணிக்குள் போய்விட்டன. முன்னங்கால்கள் மட்டும் வெளியே நின்று வழக்காடிக்கொண்டிருந்தன. பஷீரா ஒரு முழங்காலால் கோணியை அமுக்கிக்கொண்டு, ஒரு கையால் பூனையின் பிடரியைப் பிடித்து, மறு கையால் நழுவிய முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். மூன்று கை வேண்டிய வேலை அது. அல்லாஹ் கொடுத்தது இரண்டுதான்.

சாயங்காலம் வீடு பார்க்க ஆள் வருகிறது. காலையிலேயே பிடித்து அடைக்காவிட்டால் வக்கீல் மோப்பம் பிடித்து ரம்புத்தான் மரத்தில் ஏறிவிடும். பிறகு இறக்க ஆள் வைக்க வேண்டும். நாள் முழுக்க ஏதாவது ஒன்றுக்காக வாதாடிக்கொண்டே இருப்பதால் அந்தப் பூனைக்கு அந்தப் பெயர். வைத்தவர் பெரிய மச்சான்.

“அம்மா!” உள்ளறையிலிருந்து மகள் ஜமீலா கூப்பிட்டாள். “பெரியத்தா மூச்சு ஒரு மாதிரியா விடுறாங்க.”

பஷீரா கோணியை விட்டாள். வக்கீல் ஒரே தாவலில் அலமாரிக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

பிள்ளைகளுக்குப் பெரியத்தாவும் அவளுக்குப் பெரிய மச்சானும் ஒருவர்தான், அவளுடைய கணவன் ரஹீமின் அண்ணன் இப்ராஹீம். ஊரில் அவரைக் கண்டக்டர் என்றால்தான் தெரியும். கிளேபாங் போகும் பஸ்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் டிக்கெட் கிழித்தவர். மனைவி ஜப்பான்காரன் காலத்திலேயே போய்விட்டாள், பிள்ளை இல்லை. தம்பி பிள்ளைகள் மூன்று பேரும், ஆடும், மூன்று வாத்தும், கூண்டில் ஒரு மெர்போக் புறாவும், இந்த வக்கீலும்தான் அவருடைய குடும்பம். போன வருஷம் கால் வீங்க ஆரம்பித்தது. பிறகு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. டாக்டர் ஊசி போடுவதை நிறுத்திவிட்டு, ஆசைப்பட்டதைச் சாப்பிடக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மலாக்காவின் காஜா பெராங்கில் இருந்த அந்தப் பலகை வீடு அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து வாங்கியது. அதை விற்கலாம் என்று முதலில் சொன்னதும் பெரிய மச்சான்தான். புக்கிட் ரம்பாயில் ஒரு மளிகைக்கடை, பின்னால் வீட்டோடு, கைமாறுவதற்குக் காத்திருந்தது. அதன் சொந்தக்காரர் மெர்டேக்கா என்கிற சுதந்திர நாள் வருவதற்கு முன் ஊருக்குக் கப்பலேறப் போகிறார். மாதக் கடைசிக்குள் முடிக்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். ரஹீம் பதினைந்து வருஷமாக இன்னொருவர் கடையில் அரிசி அளந்து போட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கடை ரஹீமைவிட பஷீராவுக்குத்தான் அதிகம் வேண்டியிருந்தது. ஒரு முறைதான் போய்ப் பார்த்தாள். பருப்பு மூட்டை எங்கே, மிட்டாய்ப் போத்தல்கள் எங்கே, கல்லாவுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க மேசை எங்கே என்று அன்றைக்கே மனதுக்குள் அடுக்கி வைத்துவிட்டாள். இரவில் படுத்தால் அந்தக் கடையைத் திறந்து மூடிவிட்டுத்தான் தூங்குவாள்.

வீட்டை விற்றுத் தர வந்த தரகர் தம்பிராஜா, எந்நேரமும் கக்கத்தில் குடையோடு திரிகிறவர், முதல் நாளே ஒரு சட்டம் போட்டார்.

“வீட்டக் காட்டுறப்ப வீடு மட்டும்தான் தெரியணும். புள்ளைங்க சத்தம், ஆட்டுப் புழுக்க, மருந்து வாடை, ஒண்ணும் கூடாது. அதெல்லாம் பாத்தா வாங்குறவனுக்கு மனசு சுருங்கிரும்.”

ஆகவே ஒவ்வொரு முறை ஆள் வரும்போதும் வீடு காலியானது. சுவரில் பிள்ளைகள் கிறுக்கியதைத் தேய்த்துக் கழுவினார்கள். பிறகு பின்வாசல் வழியாக ஓர் ஊர்வலம் புறப்படும். மூத்தவன் ஹனீபா ஆட்டைப் பிடித்துக்கொள்வான். ஜமீலா கையில் துணி போட்டு மூடிய புறாக்கூண்டு. கடைக்குட்டி சித்தி வாத்துகளை ஓட்டுவாள். பின்சந்தில் நிற்கும் மூன்று சக்கர பெச்சாவில் பெரிய மச்சான் தலையணை வைத்துச் சாய்ந்திருப்பார், மடியில் கோணி, கோணிக்குள் வக்கீல். பழைய கண்டக்டர் விசிலை எடுத்து ஊதுவார்.

“ஏறுங்க, ஏறுங்க! ஆடு முன்னாடி போ. வாத்தெல்லாம் உள்ள தள்ளி நில்லு. டிக்கெட் எடுக்காதவங்க எறங்கிடுங்க!”

பிள்ளைகளுக்கு அது திருவிழா. கடற்கரைப் பக்கம் போய், வீடு பார்க்கிறவர்கள் பார்த்து முடிக்கும் வரை காற்று வாங்கிவிட்டுத் திரும்புவார்கள். வந்தவர்களோ உள்ளே நுழைந்து, இரண்டு அறையைப் பார்த்து, கிணற்றை எட்டிப் பார்த்து, சொல்லி அனுப்புகிறோம் என்று போவார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

போன வாரம் பெச்சாவிலிருந்து இறக்கிப் படுக்க வைத்தபோது பெரிய மச்சான் அவளை நிறுத்தினார்.

“புள்ள, ஒண்ணு சொல்றேன் கேளு. என்னக் கொண்டுபோயி ஆஸ்பத்திரியில போட்டுடு.”

“எதுக்கு மச்சான்?”

“மவுத்து உழுந்த வீடுன்னா வாங்குறவன் யோசிப்பான். தம்பிராஜா சொன்னது என் காதுலயும் உழுந்துச்சு. நான் அங்கயே போயிட்டா ஒங்களுக்கு லேசு.”

“வாய மூடிக்கிட்டு கஞ்சியக் குடிங்க,” என்றாள் பஷீரா. அதற்கு மேல் பேசியிருந்தால் அழுதிருப்பாள். கோபப்படுவது அவளுக்குச் சுலபமாக வரும்.

இப்போது அவர் கட்டிலில் தலையை உயர்த்திக் கிடந்தார். மூச்சு மேலே போய் நின்று, யோசித்து, கீழே இறங்கியது. கட்டில் கம்பியில் ஹனீபா ஒட்டிய காகிதக்கொடி ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாளில் மெர்டேக்கா. பள்ளிக்கூடத்தில் செய்யச் சொல்லியிருந்தார்கள். பதினொரு கோடு வரவேண்டிய இடத்தில் பத்துதான் வந்திருக்கிறது என்று கண்டுபிடித்தவர் பெரிய மச்சான்.

பஷீரா ஹனீபாவைச் சைக்கிளில் விரட்டினாள். கடைக்குப் போய் அத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டு, அப்படியே பள்ளிவாசலிலும் சொல்லிவிட்டு வரச் சொன்னாள். பிறகு கட்டிலருகே உட்கார்ந்து கரண்டியால் உதட்டை நனைத்தாள்.

அவர் கண்ணைத் திறந்தார். “வக்கீல்… ஏறியாச்சா?”

அலமாரி மேல் இருந்த பூனை தன் பெயர் கேட்டுத் திரும்பிப் பார்த்தது.

“இல்ல மச்சான். இன்னிக்கு யாரும் எங்கயும் போகல. எல்லாரும் வீட்லதான் இருக்கோம்.”

“ஆள்… வருமே.”

“வரட்டும்.”

அவர் ஏதோ கணக்குப் பார்ப்பதுபோல் புருவத்தைச் சுருக்கினார். பிறகு விட்டுவிட்டார். பஷீரா குனிந்து அவர் காதருகே கலிமா சொன்னாள். ஜமீலாவும் கூடவே சொன்னாள். அவருடைய உதடு இரண்டு முறை அசைந்தது, மூன்றாவது முறை அசையவில்லை. மூச்சு மேலே போனது. இருவரும் அது இறங்குவதற்காகக் காத்திருந்தார்கள். வெளியே வாத்துகள் கத்திக்கொண்டிருந்தன.

பஷீரா அவர் கண்களை மூடினாள். தாடையைத் துணியால் கட்டிவிட்டு, அப்புறம்தான் அழுதாள். கட்டிக்கொடுத்து வந்த நாளிலிருந்து அவளை ஒரு சுடுசொல் சொல்லாத மனிதர். ராத்திரி கடைசி பஸ் வேலையை முடித்துவிட்டு வந்து, மிச்சம் இருப்பதைத் தானே போட்டுக்கொண்டு, தட்டையும் கழுவி வைத்துவிட்டுப் படுப்பவர். சொந்தத் தகப்பனுக்குக்கூட அவள் இப்படி அழவில்லை.

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவள் பக்கத்து வீட்டுச் சந்திரமதி. குளித்த தலையில் துண்டோடு அப்படியே வந்தாள். வந்தவள் பஷீராவைக் கட்டிப்பிடித்துவிட்டு, “இன்னிக்கு ஒங்க வீட்ல அடுப்பு மூட்டாதீங்க. நான் பாத்துக்கிறேன்,” என்று சொல்லிப் போய்விட்டாள். ரஹீம் கடையில் கட்டியிருந்த அரிசி மாவு படிந்த வேட்டியோடு வந்தான். அறை வாசலில் நின்றவன் உள்ளே வரப் பயந்தவன்போல் நின்றுகொண்டே இருந்தான். பஷீரா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

நடுப்பகலுக்குள் வீடு நிறைந்துவிட்டது. பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வந்தார்கள், போர்த்தக் கபன் துணியும் தூக்கிப்போகச் சந்தூக்கும் வந்தன. கிணற்றடியில் சாரங்களை மறைப்பாகக் கட்டிக் குளிப்பாட்டினார்கள். பஸ் டிரைவர்கள் காக்கிச் சட்டையோடு வந்து நின்றார்கள். எதிர்க்கடைச் சீனர் வந்து தலைகுனிந்து நின்றுவிட்டுப் போனார். பெண்கள் உள்ளறையில் யாசீன் ஓதினார்கள். ஆட்டை யாரும் கட்டவில்லை. அது வந்தவர்களின் செருப்புகளை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டு திரிந்தது.

தம்பிராஜா வந்து உண்மையாகவே அழுதார். பாதி வாழ்நாள் இப்ராஹீமின் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் போனவர் அவர். மூக்கைச் சிந்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, ரஹீமை முன்கூடத்து மூலைக்குக் கூட்டிப்போனார். அறைத் திரைக்கு இந்தப் பக்கம் பஷீரா நின்றிருந்தது அவருக்குத் தெரியாது.

“தப்பா நெனக்காதீங்க ரஹீம். போனவரு தங்கமான மனுசன். ஆனா இருக்கிறவங்க பொழைக்கணுமில்ல? அந்தச் செட்டிக் கம்பத்து அம்மா இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துரும். வேற யாராவது ரெண்டாந்தடவ பாக்க வந்தாங்களா? இது ஒண்ணுதான் வருது. வாசல்ல சந்தூக்கு நிக்கிறதப் பாத்தா பெச்சாவ விட்டே எறங்காது. அப்புறம் ரொம்ப சுசா, கஷ்டம்.”

“அதுக்கு இப்ப என்ன செய்றது?” ரஹீமின் குரல் களைத்திருந்தது.

“பின்பக்கம் சந்து இருக்குல்ல? படி கெடையாது, தூக்குறதுக்கும் சுலபம். அப்படியே சுத்தி பெரிய ரோட்டுக்குப் போயிரலாம். நான் முன்னாடி போயி அந்த அம்மாவ ரோட்டு மொனையிலயே பேசி நிறுத்தி வெக்கிறேன். எல்லாரும் போனப்புறம் கூட்டியாறேன். வீடு கழுவி சுத்தமா இருக்கும். யாருக்கும் ஒண்ணும் தெரியாது.”

ரஹீம் கழுத்தைத் தடவிக்கொண்டான். தரையைப் பார்த்தான். அவனுக்கும் அந்தக் கடை வேண்டும். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் இப்படி நிற்பதன் அர்த்தம் பஷீராவுக்குத் தெரியும். சரி என்றும் சொல்ல முடியாமல் வேண்டாம் என்றும் சொல்ல முடியாமல் தவிக்கிறான்.

அவள் மனதிலும் மிட்டாய்ப் போத்தல்கள் வரிசையாக வந்து நின்றன. இல்லை என்றால் பொய்.

“முன்வாசல் வழியா,” என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து.

தம்பிராஜா திடுக்கிட்டார். கூடத்தில் இருந்த ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அத்தனை ஆண்கள் இருக்கும் இடத்தில் அவள் குரல் அதுவரை கேட்டதில்லை.

“இல்லம்மா, படி செங்குத்தா இருக்கு, அதான்…”

“ஆள் வந்தப்ப எல்லாம் மச்சானப் பின்பக்கமாத்தான் அனுப்பினோம். சொந்த வீட்ல திருடன் மாதிரி. அவங்களும் விசில் ஊதிக்கிட்டு போனாங்க.” அவள் திரையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னிக்கு முன்வாசலாத்தான் போவாங்க. வாங்குறவங்க வாங்கட்டும், போறவங்க போகட்டும்.”

ரஹீம் தலை நிமிர்ந்தான். வேலை கிடைத்தவன்போல் கூடத்தைத் தாண்டிப் போய் முன்கதவின் இரண்டு பலகையையும் விரியத் திறந்தான். ஒரு பலகை எப்போதும் மூடியே கிடப்பது. அதன் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. டிரைவர் ஒருவர் வந்து கல்லால் தட்டிவிட்டார்.

உடலை வைத்த சந்தூக்கு செங்குத்தான மரப்படிகளில் இறங்கும்போது, சாயாமல் இருக்க, கீழ்ப்பக்கம் பிடித்தவர்கள் இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்த வேண்டியிருந்தது. ரஹீம் அந்தப் பக்கம் நின்றான். பஷீரா ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். ரோட்டில் கிளேபாங் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. டிரைவர் அதை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். உள்ளே இருந்தவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. ஜனாஸா கடந்து போய் வெகுநேரம் கழித்தே அந்த பஸ் கிளம்பியது.

பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. ஓதிய பெண்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சந்திரமதி கூடத்தைக் கழுவித் தள்ளினாள். பஷீரா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வீட்டில் சாம்பிராணி வாசமும் ஈரப்பலகை வாசமும் இருந்தன. அந்த அறையைப் பார்க்காமலிருக்க அவள் கிணற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்படியில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

தம்பிராஜா சொன்னபடியே பெரிய ரோட்டு முனையில் குடையோடு காத்து நின்றுகொண்டிருந்தார். வரவேண்டியவளோ கோயிலுக்குப் பின்னால் உள்ள குறுக்குப் பாதையில் நடந்தே வந்துவிட்டாள். பெயர் கமலவேணி. பெயரும் நெற்றியில் இருந்த திருநீறும்தான் தமிழ். மற்றபடி மலாய்க்காரிபோல் கெபாயா, சாரோங், கொண்டையில் வெள்ளி ஊசி. செட்டிக் கம்பம் என்கிற அந்தக் குடியிருப்பின் ஆட்கள் பல தலைமுறையாகப் பேசுவது மலாய்தான். பஷீராவும் அவளோடு மலாயிலேயே பேசினாள்.

“கதவு ரெண்டும் திறந்திருந்தது. அதனால வந்துட்டேன்,” என்றாள் கமலவேணி.

“வாங்க. உட்காருங்க.”

அவள் உட்காரவில்லை. ஈரத் தரையைப் பார்த்தாள், மூக்கைச் சற்றே உயர்த்தினாள். “வாசமா இருக்கே.”

சந்திரமதி முந்திக்கொண்டாள். “வீடு கழுவினோம். கழுவினா இவங்க சாம்பிராணி போடுவாங்க.”

நல்ல மனதோடு சொன்ன பொய். வழியில் போட்டுவைத்த பலகை மாதிரி அது பஷீராவின் முன் கிடந்தது. காலை எடுத்து வைத்தால் போதும், மறு பக்கம் புக்கிட் ரம்பாய்க் கடை. மச்சானை முன்வாசல் வழியாகத்தான் அனுப்பியாயிற்று. செய்ய வேண்டிய மரியாதையைச் செய்தாயிற்று. இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

அப்போதுதான் பின்பக்கம் ஏதோ உருளும் சத்தம் கேட்டு அவள் திரும்பினாள்.

பிள்ளைகள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லாமலே. வீடு பார்க்க ஆள் வந்துவிட்டது என்று தெரிந்ததும், பழகிய பழக்கத்தில், அடுப்படியைத் தாண்டிப் பின்வாசலில் வரிசையாகிவிட்டார்கள். ஹனீபா ஜனாஸாவோடு போய்விட்டதால் ஆட்டுக் கயிறும் ஜமீலா கையில்தான் இருந்தது. மறு கையில் துணி மூடிய புறாக்கூண்டு. சித்தி இரண்டு வாத்தை ஓட்டி, ஒன்றை இடுப்பில் இடுக்கியிருந்தாள். கோணி ஒன்று தரையில் கிடந்து நெளிந்தது. வக்கீலை எப்படித்தான் பிடித்தார்களோ. எல்லாம் தயார். ஆனாலும் அவர்கள் சந்தில் இறங்காமல் நின்றிருந்தார்கள். ஜமீலாவின் கழுத்தில் அந்த விசில் தொங்கியது. அதை ஊத வேண்டியவருக்காகக் காத்திருந்தார்கள்.

பஷீரா அடுப்படி வாசல் வரை போனாள்.

“நில்லுங்க,” என்றாள். “யாரும் எங்கயும் போக வேணாம். எல்லாம் உள்ள வாங்க.”

“ஆள் வந்திருக்காங்களேம்மா,” என்றாள் ஜமீலா கிசுகிசுப்பாக.

“வந்தா என்ன? இது நம்ம வீடு. அந்தப் பூனைய அவுத்து விடு மொதல்ல.”

பிறகு கமலவேணியின் பக்கம் திரும்பி மலாயில் சொன்னாள். நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று ஒரே மூச்சில் சொன்னாள். “என் வீட்டுக்காரரோட அண்ணன் இன்னிக்குக் காலைல இந்த ரூம்ல இறந்துட்டாங்க. இப்பத்தான் எடுத்துக்கிட்டுப் போனாங்க. ரொம்ப நாளா உடம்பு சரியில்ல. நீங்க முந்தி வந்தப்பவும் இங்கதான் இருந்தாங்க. அவங்களையும் பிள்ளைங்களையும் ஆட்டையும் பூனையையும் பின்பக்கமா அனுப்பிட்டுத்தான் உங்களுக்கு வீட்டைக் காட்டினோம். உங்களை ஏமாத்தணும்னு இல்ல. வீடு விற்கணும், அதான்.”

சந்திரமதி பெருமூச்சு விட்டாள். கோணியிலிருந்து விடுபட்ட வக்கீல் வாலைப் பருக்க வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவே வந்து நின்று, எல்லோரையும் பொதுவாகத் திட்டியது. பின்னாலேயே ஆடு நுழைந்து ஈரத் தரையில் குளம்படி பதித்தது.

கமலவேணி ஆட்டைப் பார்த்தாள், வாத்தைப் பார்த்தாள், இடுப்பில் வாத்தோடு நின்ற சித்தியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள்.

“அப்ப இங்க குழந்தைங்க இருக்குதா?”

“மூணு.”

“நான் அன்னிக்கு வந்துட்டுப் போய் ராத்திரி தூங்கல தெரியுமா? கதவுல பூனை நகம் கீறின தடம் இருக்கு, பூனை இல்ல. சுவர்ல சின்னக் கை எட்டுற உயரம் வரைக்கும்தான் தேய்ச்சுக் கழுவியிருக்கு, பிள்ளை இல்ல. கட்டில் இருக்கு, மெத்தை சூடா இருக்கு, ஆள் இல்ல. ஒரு ஈ, எறும்பு இல்லாத வீடு! இந்த வீட்ல ஏதோ இருக்கு, அதான் எல்லாரும் ஓடிப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். மிருகம் தங்காத வீட்ல மனுசன் தங்கக்கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டார். எனக்குத்தான் மனசு கேக்கல. இன்னொரு தடவை பார்க்கலாம்னு வந்தேன்.”

பஷீராவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இத்தனை நாள் ஓட்டிய ஆடும் வாத்தும், தேய்த்த சுவரும், பெச்சாவில் ஏற்றிய மனிதரும்! அத்தனையும் வந்தவர்களைப் பயமுறுத்தத்தான் பயன்பட்டிருக்கிறது. தம்பிராஜாவை நினைத்தால் குடையைப் பிடுங்கி நாலு போடலாம் போலிருந்தது.

“மவுத்து நடந்த வீடு,” என்றாள் மறுபடியும். அதையும் கேட்டுவிட வேண்டும். “பரவாயில்லையா?”

“எங்க வீட்ல எத்தனை பேர் போயிருக்காங்கன்னு நெனக்கிறே? போகியன்னிக்கு அவங்க எல்லாருக்கும் பாய் விரிச்சு, இலை போட்டு, அவங்கவங்களுக்குப் பிடிச்சதைச் சமைச்சுப் படைப்போம். யாருமே சாகாத வீடு எங்க இருக்கு?” கமலவேணி அறைப் பக்கம் பார்த்தாள். கட்டில் கம்பியில் காகிதக்கொடி இன்னும் இருந்தது. “அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?”

பஷீரா விழித்தாள். “எங்க மார்க்கத்துல அப்படிப் படைக்கிறது இல்லம்மா.”

“தெரியும். உங்க ஆளுக்கு நான் படைக்கப் போறதில்லை. ஆனா அவர் இருந்த வீட்ல நான் அடுப்பு மூட்டப் போறேன்னா, அவருக்கு என்ன பிடிக்கும்னு தெரிஞ்சு வச்சுக்க வேணாமா?”

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. பிரியாணி, ரொட்டி, ஆட்டுக்கால் என்று கௌரவமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். பஷீராவுக்கு உண்மைதான் வாயில் வந்தது.

“அடிச்சோறு. பானை அடியில பிடிச்ச தீஞ்ச சோறு. கடைசி பஸ் வேலைய முடிச்சுட்டு வருவாங்க, அதுதான் மிச்சம் இருக்கும். அதுல கூலா மலாக்கா வெல்லத்தச் சீவிப் போட்டுச் சாப்பிடுவாங்க. அப்புறம் ருசி பிடிச்சுப் போயி, இன்னும் கொஞ்சம் தீய விடு புள்ளன்னு கேட்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் திட்டுவேன். பானை பாழாப் போகுதுன்னு.”

“கெராக்!” என்று அடிச்சோற்றுக்கான மலாய்ச் சொல்லைச் சொல்லிக் கமலவேணி வாய்விட்டுச் சிரித்தாள். “அப்ப இந்த வீட்ல சோறு தீஞ்சா என் மாமியார் என்னைத் திட்ட முடியாது.”

சந்திரமதி சிரித்தாள். பஷீராவும் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். கமலவேணி எழுந்து, புறாக்கூண்டின் மேல் கிடந்த துணியைத் தானே எடுத்து மடித்து ஜமீலாவிடம் கொடுத்தாள். போகும்போது படியில் நின்று ஒரு நிபந்தனை சொல்லிவிட்டுப் போனாள்.

மாலை மக்ரிப் தொழுகைக்கு முன்னால் ரஹீமும் ஹனீபாவும் வந்தார்கள். கணுக்கால் வரை செம்மண். பஷீரா கிணற்றடியில் தண்ணீர் இறைத்து ஊற்றினாள். ரஹீம் ஒரு காலைக் கழுவிவிட்டு நிறுத்தினான்.

“தம்பிராஜா வழியில பாத்தார். ஆள் வரவே இல்லன்னார்.”

“வந்தாங்க. வேற பாதையா.”

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

அவன் தலையாட்டினான். திட்டவில்லை. மற்றக் காலை நீட்டினான்.

“அண்ணனுக்கு என்ன சாப்பாடு புடிக்கும்னு கேட்டாங்க,” என்றாள் பஷீரா, தண்ணீரை ஊற்றிக்கொண்டே.

“என்ன சொன்ன?”

“அடிச்சோறு. கூலா மலாக்கா போட்டு.”

ரஹீமுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறு எங்கோ போய்விட்டது. அவன் முகத்தைக் கிணற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டான். பஷீரா அவசரப்படுத்தாமல் வாளியோடு நின்றாள்.

“வாங்குவாங்களா?” என்றான் திரும்பாமலே.

“மூணாம் நாள் கழியட்டும், வீட்டுக்காரரக் கூட்டிக்கிட்டு வர்றேன்னாங்க. ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க. அன்னிக்குப் புள்ளைங்க, ஆடு, வாத்து, பூனை, எல்லாம் வீட்லயே இருக்கணுமாம். அவர் கண்ணால பாக்கணுமாம்.”

ரஹீம் துண்டால் காலைத் துடைத்தான். பக்கத்து வீட்டிலிருந்து சந்திரமதி பானையோடு வந்தாள். சோறும் பருப்பும். பிள்ளைகள் தட்டுகளை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

பஷீரா கூடத்துக்கு வந்தாள். முன்கதவின் இரண்டு பலகையும் இன்னும் திறந்தே கிடந்தன. தரையில் அந்தக் கோணி கிடந்தது. எடுத்து வாசலுக்கு வெளியே இரண்டு முறை உதறினாள். வக்கீலின் மயிர் காற்றில் பறந்தது. கோணியை நான்காக மடித்து, வருகிறவர்கள் கால் துடைக்கட்டும் என்று முன்வாசலில் போட்டாள்.

வக்கீல் தூரத்திலிருந்து பார்த்தது. கோணியைக் கண்டால் மரமேறும் பூனை அது. கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஒரு முனையை முகர்ந்தது, சுற்றி வந்து மறு முனையை முகர்ந்தது. பிறகு அதன் மேல் ஏறி உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்தபடி முன்னங்காலை நக்கத் தொடங்கியது.